சுற்றுலாவா? தலயாத்திரையா?

காசிக்குப் போனால் கருமம் தொலையும் என்றான் வைதிகன். போய் வந்தவன் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவுமுன்னே வட்டிக் கணக்கை விரித்து உட்கார்ந்ததைக் கண்டு நாம் நகைத்தோம். இராமேசுவரத்தில் முழுகி வந்தவன், ஊர் திரும்பியதும் சேரியிலிருந்து வந்த பிள்ளையைத் தெருவில் நடக்கவொட்டாமல் தடுத்ததைக் கண்டு நாம் சினந்தோம். கால் நடந்தது, கருத்து நடக்கவில்லையே என்று மேடைதோறும் கேட்டோம். அந்தக் கேள்வி அருமையான கேள்வி. அதைக் கோயில் யாத்திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கல்விச் சுற்றுலா என்று பெயர் பெற்றிருக்கும் புதிய யாத்திரையைப் பார்த்தும் அதைக் கேட்போம்.

மழை ஓய்ந்ததும் புதுவைக்குப் பேருந்துகள் வரத் தொடங்குகின்றன. சேலத்திலிருந்து வருகிறார்கள், திருச்சியிலிருந்து வருகிறார்கள், தென்கோடியிலிருந்தும் இரவெல்லாம் கண் விழித்து வருகிறார்கள். பேருந்தின் முகப்பிலே துணி. துணியிலே ‘கல்விச் சுற்றுலா’ என்ற எழுத்து. இறங்கியவுடன் கடற்கரை. காந்தியார் சிலையருகே ஒரு படம். டூப்ளே சிலையருகே ஒரு படம். மஞ்சள் சுவர்த் தெருவிலே பத்துப் படம். பொழுது மிச்சமிருந்தால் கவிஞர் வாழ்ந்த வீட்டிலே கால் மணி நேரம். வாயிலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். படத்துக்கு முன் கைகட்டி நிற்கிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் பழம்பொருளைக் கண்டு ‘ஆகா’ என்கிறார்கள். வரிசையாக வெளியே வருகிறார்கள். அடுத்த இடம்! அடுத்த படம்!

மூலவர் மாறியிருக்கிறார். முறை மாறியிருக்கிறதா? தரிசனம் அப்படியே இருக்கிறதே, தோழர்களே!

பயணமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் பேசிய நாடு இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்துப் போட்டியில் வென்ற மாணவர், 2022ஆம் ஆண்டு ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு வானூர்தி ஏறிப் போனார்கள் என்பது அந்தச் சாத்திரத்தின் முதுகிலே விழுந்த நல்ல அடி. பாட்டன் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாதிருந்தான்; பேரன் கடல் தாண்டிப் புத்தகம் பார்க்கப் போகிறான். இதைவிட மகிழ்ச்சி ஏது? போகட்டும், இன்னும் பலர் போகட்டும். ஆனால் போன இடத்தில் என்ன பார்த்தான், பார்த்ததை எப்படிப் பார்த்தான் என்று கேட்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. நூலுக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்துக்கு உண்டு. பயணத்துக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

புதுவையை எடுத்துக்கொள்வோம். இன்று நான்கு மணி நேரத்தில் சென்னையிலிருந்து வந்து சேரும் இந்த ஊர், ஒரு காலத்தில் தமிழனுக்கு அயல்நாடு. 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. அந்த ஆண்டு அக்டோபர் 18இல், கீழூரில் மக்கள் சார்பாளர் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதென்றும், 8 பேர் வேண்டாமென்றும் சொன்னார்கள். சட்டப்படி முழு இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஆகவே அதற்கு முன் விழுப்புரத்துக்காரன் புதுவைக்கு வந்தால், அது நாடு விட்டு நாடு வந்ததாகும். இந்த ஒன்றை மனத்தில் வைக்காமல் புதுவையைப் பார்ப்பவன் பாதிப் புதுவையைக்கூடப் பார்க்கவில்லை.

ஏன்? இந்த ஊரின் இலக்கியத்தை உண்டாக்கியது அந்த எல்லைக்கோடு!

ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908இல் அவர் இங்கே வந்தார். புண்ணிய தலம் என்று வந்தாரா? கடற்காற்று வாங்க வந்தாரா? சென்னையில் இருந்தால் சிறை, அதனால் வந்தார். அவருடைய ‘இந்தியா’ கிழமை இதழ் இங்கே அச்சாகி, எல்லைக்கு அப்பால் சென்று, தடை விழுந்து, 1910இல் நின்றது. பத்து ஆண்டு இங்கே இருந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்தப் பத்து ஆண்டின் விளைச்சல். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் கவிஞர், அந்தப் பக்கம் கைதி! ஆள் ஒருவரே, எழுத்து ஒன்றே, தமிழும் ஒன்றே.

அந்த வீட்டிற்கு வரும் மாணவனிடம் இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்? எழுத்துக்கு அரசு அஞ்சுகிறது, அஞ்சுவதால் தடுக்கிறது, தடை எட்டாத இடம் தேடி எழுத்து நடக்கிறது. இது புரிந்தால் அந்த வீட்டின் செங்கல் ஒவ்வொன்றும் பாடம் நடத்தும். புரியாவிட்டால் அது நல்ல முற்றமுள்ள பழைய வீடு, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பாரதியார் இந்தப் புதுவையிலேதான் பூணூல் அணிவித்தார். அந்த நாளில் அது எளிய செயலன்று. அக்கிரகாரம் கொதித்த செயல். அவர் துணிவைப் போற்றுவோம். போற்றிவிட்டு ஒரு கேள்வியும் கேட்போம்: மனிதன் மனிதனாவதற்கு மூன்று இழை நூல் எதற்கு? ஏறாதவன் தோளில் நூலை ஏற்றுவது ஒரு வழி. ஏறியவன் தோளிலிருந்து இறக்குவது மற்றொரு வழி. இரண்டாம் வழியைத் தன்மான இயக்கம் காட்டியது. இவ்விரண்டையும் மாணவர் முன்வைத்து, எது சரி என்று அவர்களையே வாதாடவிட்டால் அந்த வீடு வகுப்பறையாகும். கைகூப்பச் சொன்னால் கருவறையாகும்.

பெருமாள் கோயில் தெரு, 95ஆம் எண். பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த இல்லம். 1891இல் இந்த ஊரில் பிறந்து, 1909இல் தமிழாசிரியராகி, 37 ஆண்டு பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் பாடம் சொல்லி, 1946இல் ஓய்வு பெற்றவர். புதுவை அரசு பாடும் தமிழ் வாழ்த்து அவர் எழுதியது. ஆனால் வரும் பேருந்துகளில் எத்தனை இந்தத் தெருவருகே நிற்கின்றன? கடற்கரையில் நிற்கும் பேருந்துகளை எண்ண முடியவில்லை. இங்கே நிற்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தமிழாசிரியரின் வீட்டுக்குத் தமிழ் மாணவரை அழைத்து வரத் தமிழாசிரியர்களுக்கே நினைவு வரவில்லை என்றால் யாரை நோவது?

வந்தவர்களும் எதைப் பார்க்கிறார்கள்? படங்களைப் பார்க்கிறார்கள், விருதுகளைப் பார்க்கிறார்கள். நாம் அவர்களுக்குக் காட்ட விரும்புவது இரண்டு நூல்கள். ஒன்று 1926இல் வந்தது: மயிலம் சுப்பிரமணியர் துதியமுது. பெயரே சொல்லும், அது பக்திப் பனுவல். மற்றொன்று 1930இல் வந்தது: சஞ்சீவி பர்வதத்தின் சாரல். முதல் நூலில் முருகன் முன் பாடியவர், இரண்டாம் நூலில் மூடநம்பிக்கையின் மென்னியைப் பிடிக்கிறார். இடையில் நான்கே ஆண்டு! அந்த நான்கு ஆண்டில் நடந்தது என்ன? தன்மான இயக்கம் பேசியது. புலவர் காது கொடுத்தார். கேட்டார், எண்ணினார், மாறினார். முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, பாட்டில் பெயர் எடுத்த பிறகு, மாறினார். பதினாறு வயது மாணவன் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பாடம் அந்த வீட்டில் உண்டா? பிறந்த போதே புரட்சிக் கவிஞர் என்று சொல்லி அவரைத் தெய்வக் குழந்தையாக்கிவிட்டால் அந்தப் பாடம் போய்விடும். மாறியதுதான் அவர் பெருமை.

அந்தச் சஞ்சீவி பர்வதத்தின் சாரலையே பாருங்கள். நம் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. குப்பனும் வஞ்சியும் மலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மூலிகை. தின்றால் உலகில் எங்கே யார் பேசினாலும் காதில் விழும். தின்கிறார்கள், மேனாட்டார் பேச்சு கேட்கிறது. இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டுச் சுற்றுலா! அப்படி உலகத்தையே காதால் சுற்றிவந்த குப்பனுக்கு அடுத்து என்ன ஆகிறது? எங்கோ ஒரு பாகவதர் கதை சொல்கிறார். அனுமான் மலையைப் பெயர்த்தான் என்கிறார். குப்பன் நடுங்குகிறான். தான் நிற்கும் மலை போகிறதென்று அலறுகிறான்! வஞ்சி நடுங்கவில்லை. அவள் பெண். அவள்தான் எண்ணுகிறாள், கேட்கிறாள், அவனுக்கு விளக்குகிறாள்.

மூலிகை இருவரும் தின்றார்கள். பயணம் இருவருக்கும் ஒன்றே. ஒருவருக்கு அறிவு வேலை செய்தது, மற்றவருக்குச் செய்யவில்லை. ஆகவே வெளிநாடு போவதனால் மட்டும் அறிவு வராது; கேள்வியோடு போகிறவனுக்கே வரும். இதைப் பாவேந்தர் 1930இலேயே எழுதி வைத்துவிட்டார். வானூர்தியில் ஏறிப்போய்த் திரும்பிவந்து, நல்ல நேரம் பார்த்து வீட்டுக்குள் நுழையும் படித்தவர்களை நாம் பார்க்கிறோமே, அவர்களெல்லாம் குப்பனின் உறவினர்கள்!

கேள்வியோடு இன்னும் சில இடங்களுக்குப் போவோம்.

ரங்கப்பிள்ளை தெருவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண். இரண்டு நாகரிகம் ஒரே வீட்டில். டூப்ளேயின் துபாசியாக இருந்த இவர், 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அரசனைப் பாடிப் பரிசில் பெறும் வழக்கமே பெரிதாக இருந்த காலத்தில், சந்தை விலையையும் கப்பல் வரவையும் சண்டையையும் சச்சரவையும் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் அது 12 தொகுதிகளாக வந்திருக்கிறது. தூணைப் பார்த்து வியக்கும் மாணவனுக்கு அந்த ஏட்டின் ஒரு பக்கத்தையாவது படித்துக்காட்ட வேண்டாமா?

எந்தப் பக்கம் என்று கேட்டால் நாம் 1745ஆம் ஆண்டின் ஒரு பக்கத்தைச் சொல்லுவோம். புதுவை மாதாகோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்ததையும், அதற்கு ஒருபுறம் பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறித்தவர்களும் மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் வெள்ளையரும் அமர்ந்ததையும், ஒதுக்கப்பட்டோர் முறையிட்டு அந்தச் சுவர் எடுக்கப்பட்டதையும் அதிலே குறித்திருக்கிறார். கடல் தாண்டி வந்த மதம். கடல் தாண்டி வந்த குருமார். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் நம் ஊர்ச் சாதி அவர்களுக்கும் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டது! இன்று மிஷன் தெருவில் சம்பா கோயிலின் உயரத்தை அண்ணாந்து பார்க்கும் மாணவர்களே, கொஞ்சம் தலையைத் தாழ்த்தி எண்ணிப் பாருங்கள். சுவரைக் கட்டியது யார்? உடைக்கக் குரல் கொடுத்தது யார்? அந்தக் குரலுக்குச் சிலை உண்டா?

ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தார். ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலிய மண்கலத் துண்டுகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வண்ண மணிகளும் கிடைத்தன. யவனர் கப்பல் வந்தது புலவனின் கற்பனையன்று என்று மண்ணே சான்று சொன்னது. இன்று அங்கே போகிறவன் இடிந்த செங்கற்சுவரைக் கண்டு ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை!’ என்று மெய்சிலிர்க்கிறான். அந்தச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவக் குருமார் கட்டிய வீட்டின் மிச்சம்! பழைய பட்டினம் காலுக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கிறது. கிடைத்த பொருள் புதுவை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழம்பெருமை பேசுவதிலும் பகுத்தறிவு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஏது? சான்றைப் பார்க்காமல் சிலிர்ப்பவன், நாளை யார் எதைச் சொன்னாலும் சிலிர்ப்பான்.

இனி, எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இடம் பெறாத ஓர் இடம்: பஞ்சாலைகள். 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி வெடித்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. உரிமை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்று எழுதி வைத்த ஆட்சி, கூலிக்காரன் அவற்றை வாய்விட்டுக் கேட்டதும் குண்டால் விடை சொன்னது.

இங்கேதான் புதுவை தரும் பெரிய பாடம் இருக்கிறது. பாரதிக்குப் புகலிடமாக இருந்ததும் அதே ஆட்சி. பஞ்சாலைத் தொழிலாளியைச் சுட்டதும் அதே ஆட்சி. வெள்ளையர் நகர், கறுப்பர் நகர் என்று வாய்க்காலுக்கு இரு கரையிலும் ஊரைப் பிரித்ததும் அதே ஆட்சி. மஞ்சள் சுவரின் அழகில் மயங்கிப் ‘பிரெஞ்சுக்காரன் நல்லவன்’ என்று போகிறவனும் அரைகுறை. ‘அந்நியன் செய்ததெல்லாம் தீமை’ என்று போகிறவனும் அரைகுறை. எதை எவன் எப்போது யாருக்குச் செய்தான் என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. பகுத்து அறிவது!

‘பிள்ளைகள் நாலு நாள் மகிழட்டுமே, அங்கேயும் பாடமா?’ என்பார்கள் சிலர். மகிழட்டும். அலையில் கால் நனைக்கட்டும், ஓடி ஆடட்டும், பாடட்டும். வகுப்பறையின் நான்கு சுவரை விட்டு வெளியே வந்த பிள்ளையின் சிரிப்புக்கு நாம் பகைவரல்லர். ஆனால் மகிழ்ச்சியும் அறிவும் மாமியார் மருமகள் என்று யார் சொன்னார்கள்? மண்ணிலிருந்து கிடைத்த பானை ஓட்டில் தன் தாய்மொழியின் எழுத்தைக் கூட்டிப் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

‘நேரம் இல்லை’ என்பார்கள் வேறு சிலர். மூன்று நாளில் பதினேழு இடம் என்று பட்டியல் போட்டால் நேரம் எப்படி இருக்கும்? நூற்றெட்டுத் திருப்பதி பார்க்கிறவனின் கணக்கு அது. பதினேழை மூன்றாக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நாள் உட்காருங்கள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது; அதைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை வெறும் அழகுப் பேச்சாகிவிடும். பேருந்து புறப்படும் நாளில் வகுப்பில் சில பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். சுற்றுலாக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள். ‘உடம்பு சரியில்லை, அதனால் வரவில்லை’ என்று அந்தப் பிள்ளை பொய் சொல்லுகிறது. ஆசிரியருக்கும் தெரியும் அது பொய் என்று. வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லும் பொய்! அந்த வெட்கம் யாருடையது? பிள்ளையுடையதா? 1745இல் மாதாகோயிலுக்குள்ளே நின்ற சுவர் செங்கல்லால் ஆனது. பேருந்தின் வாயிலில் நிற்கும் சுவர் பணத்தால் ஆனது. அந்தச் சுவரைத் தாண்ட முடியாத பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுச் சமத்துவக் கவிஞரின் இல்லத்தைப் பார்க்கப் போவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம் வேண்டுவது நான்கு.

ஒன்று: போகுமுன் படியுங்கள். நினைவில்லத்துக்குப் போகிற வகுப்பு, அந்தக் கவிஞரின் ஒரு நூலையாவது முழுதும் படித்து முடிக்கட்டும். படிக்காதவனுக்கு அந்த வீடு வெறும் வீடு.

இரண்டு: ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கட்டியவர் யார்? உள்ளே வர உரிமை பெற்றவர் யார்? வெளியே நிறுத்தப்பட்டவர் யார்? சார்ஜாவுக்குப் போனாலும் பாரிசுக்குப் போனாலும் இந்த மூன்று கேள்வியும் செல்லும், கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

மூன்று: திரும்பியதும் எழுதுங்கள். பார்த்ததை எழுதுவதோடு நில்லாமல், பார்த்ததில் எதை ஏற்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ஆசிரியர் சொன்னதை மறுத்து எழுதிய பிள்ளைக்கு முதல் பரிசு கொடுங்கள்.

நான்கு: ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெற்றோர் கழகம் கொடுக்கட்டும், ஊரில் வசதியுள்ளவர் கொடுக்கட்டும், அரசு கொடுக்கட்டும். நம் மன்றங்கள் விழா மேடைக்கும் வளைவுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கட்டும். கவிஞரின் பிறந்தநாளுக்கு ஆளுயர மாலை போடுவதைவிட, போக முடியாத நாலு பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் கட்டுவது அவருக்குச் செய்யும் உண்மையான சிறப்பு. மாலை மாலைக்குள் வாடிவிடும். பிள்ளை வாடக்கூடாது.

மாணவத் தோழர்களே! புதுவைக்கு வாருங்கள். கடலைப் பாருங்கள், ஆனால் கடல் தாண்டி வந்தவன் ஏன் வந்தான் என்று கேளுங்கள். சிலையைப் பாருங்கள்; சிலை இல்லாதவர்களைத் தேடுங்கள். கவிஞர் இல்லத்துக்குள் தலை நிமிர்ந்து நுழையுங்கள். தலை குனிந்து நுழைபவரைக் கண்டால் பாவேந்தருக்குப் பிடிக்காது. குப்பனாக வருகிறவர் வஞ்சியாகத் திரும்ப வேண்டும். அப்படி ஒருவர் திரும்பினாலும் அந்தப் பேருந்து ஓடிய வழி வீண்வழி ஆகாது!